தட்டில் எது வந்தது, எது போனது?

பிள்ளைகளே, ஒரு உணவு உடம்புக்கு நல்லது என்று யாராவது சொன்னால், உடனே இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பழகுங்கள். இது என் தட்டுக்கு வந்தபோது, தட்டிலிருந்து எது போனது? எழுபதைத் தாண்டிய வயதில் உங்களுக்குக் கொடுக்க என்னிடம் இருக்கிற பாடம் இதுதான். இதை நான் பட்டர் ஃப்ரூட்டை வைத்தே சொல்கிறேன். நீங்கள் அவகாடோ என்று சொல்லி ஆசையாக வாங்குகிற பழம் அது.

நான் பழனி மலையின் கீழ்மலைக்காரன். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் காப்பித் தோட்டம். காப்பிச் செடி வெயில் தாங்காது. அதனால் நிழலுக்கு மரம் வைப்போம். சில்வர் ஓக் நிற்கும், அதில் மிளகுக் கொடி ஏறும். இடையில் மலைவாழை, ஆரஞ்சு, அங்கங்கே பட்டர் ஃப்ரூட். என் சிறுவயதில் அந்தப் பழத்தைக் கேட்டு வந்தவர்கள் குறைவு. இன்று வத்தலக்குண்டு சந்தைக்கு இறங்கும் மூட்டைகளில் அதற்குத் தனி மவுசு. தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே டி.கே.டி. 1 என்ற ரகத்தைக் கொடுத்திருக்கிறது.

மவுசு வந்ததில் நியாயம் இருக்கிறது. 100 கிராம் சதையில் ஏறக்குறைய 15 கிராம் கொழுப்பு. அதில் 10 கிராம் அளவுக்கு ஒலீயிக் அமிலம் போன்ற, இதயத்துக்கு இதமான வகை. நார்ச்சத்து 6 கிராமுக்கும் மேல். பொட்டாசியம் 480 மில்லிகிராமைத் தாண்டும், வாழைப்பழத்தைவிட அதிகம். கருவுற்ற பெண்களுக்குத் தேவையான ஃபோலேட்டும் உண்டு. சர்க்கரையோ ஒரு கிராம்கூட இல்லை. இனிப்பே இல்லாமல் இவ்வளவு சத்தோடு வரும் பழம் வேறொன்றைச் சொல்லுங்கள் என்றால் எனக்கே யோசிக்க நேரமாகும்.

இதன் இன்னொரு குணம் எனக்கு மிகவும் பிடித்தது. தன்னோடு சேர்கிற உணவின் சத்தையும் இது உடம்பில் சேர்த்துவிடும். கேரட்டிலும் கீரையிலும் தக்காளியிலும் இருக்கிற நிறச்சத்துகள் கொழுப்பில்தான் கரையும். கொழுப்பே இல்லாமல் பச்சைக் காய்கறியைத் தின்றால் அவற்றில் பெரும்பகுதி உடம்பில் ஒட்டாமலே போய்விடும். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2005-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். காய்கறிக் கலவையோடு அவகாடோ சேர்த்துச் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அந்தச் சத்துகள் பல மடங்கு கூடின. பழத்துக்குப் பதிலாக அதன் எண்ணெயைச் சேர்த்தபோதும் பலன் கிடைத்தது. கீரை மசியலில் உங்கள் பாட்டி ஒரு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டதற்கு இதே பலன் உண்டு.

கொலஸ்ட்ரால் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவிலேயே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. உடல் எடை கூடிய 45 பேருக்கு மூன்று விதமான உணவுத் திட்டங்களை, ஒவ்வொன்றையும் ஐந்து வாரம் கொடுத்தார்கள். தினம் ஒரு அவகாடோ சேர்ந்த திட்டத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் மற்ற இரண்டையும்விட அதிகமாக, டெசிலிட்டருக்கு 13 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்தது. அந்த ஐந்து வாரமும் அவர்கள் சாப்பிட்டதெல்லாம் அளந்து கொடுக்கப்பட்ட உணவு என்பதைக் கவனியுங்கள். பழம் வந்தபோது வேறு கொழுப்பு குறைக்கப்பட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் தொப்பை உள்ள ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு, ஆறு மாதம் தினம் ஒரு பெரிய அவகாடோ. மற்றபடி அவரவர் வழக்கமான சாப்பாடு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வயிற்றுக் கொழுப்பு இரண்டு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி இவற்றின் இடத்தில் அவகாடோ வந்தால் இதயநோய் வாய்ப்பு குறைவு என்று அதன் கணக்கு காட்டியது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் நான் முதலில் சொன்ன கேள்விக்கே வருவீர்கள். கெட்டதை வெளியே அனுப்பிவிட்டு நல்லதை உள்ளே கூப்பிட்டால் பலன் உண்டு. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒன்றைச் சேர்த்தால், பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது.

சென்னையில் வேலை பார்க்கும் என் பேத்தி ஒருநாள் போனில், "தாத்தா, இப்பல்லாம் நான் தினமும் பட்டர் ஃப்ரூட் ஜூஸ் குடிக்கிறேன்" என்றாள்.

"நல்லது பாப்பா. கடைக்காரர் அதுல என்னென்ன போடுறார்?"

"பால், சர்க்கரை... மேல ஒரு ஐஸ்கிரீம்."

"காலையில இட்லி சாப்பிட்ட பிறகா, இட்லிக்குப் பதிலாவா?"

"சாப்பிட்டுட்டு, பதினோரு மணிக்கு" என்றாள்.

அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சர்க்கரையே இல்லாத பழத்தில் மூன்று நான்கு கரண்டி சர்க்கரை கொட்டினால் பழத்தின் பெருமை போயிற்று. நல்ல கொழுப்பானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். 100 கிராம் பழம் 160 கலோரி. அதே எடைச் சோற்றைவிட அதிகம். ஆகவே பழத்தை வெட்டி, உப்பும் மிளகுத்தூளும் தூவி, எலுமிச்சை பிழிந்து, வெங்காயம் தக்காளியோடு பிசைந்து சாப்பிடுங்கள். சப்பாத்திக்கோ ரொட்டிக்கோ வெண்ணெய் தடவுகிற இடத்தில் இதைத் தடவுங்கள். நம் மலைப் பழம் பெரிது. ஒரு வேளைக்கு மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி போதும்.

இந்தப் பழத்திடம் பொறுமையும் கற்கலாம். இது மரத்தில் கனியாது. முற்றிய பிறகு காம்போடு பறித்து வைத்தால்தான், நாள் கழித்துக் கனியும். அவசரப்பட்டு பிஞ்சில் பறித்தால் சுருங்கி, ரப்பர் போல ஆகிவிடும். எவ்வளவு காத்திருந்தாலும் ருசி வராது. முற்றின காயை அரிசிப் பானைக்குள் போட்டு வையுங்கள். காம்புப் பக்கம் விரலால் மெல்ல அழுத்தும்போது கொஞ்சம் அமுங்கினால் பதம். வெட்டும்போது உள்ளங்கையில் வைத்து வெட்டாதீர்கள். கத்தி வழுக்கிக் கையைக் கிழித்துவிடும். பலகையில் வைத்து, கொட்டையைச் சுற்றி நீளவாக்கில் கீறி, இரண்டு பாதியையும் எதிரெதிராகத் திருகினால் தானே பிரியும். உடம்பும் இப்படித்தான், பிள்ளைகளே. ஒரு வாரத்தில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு மாறாது. மாதக்கணக்கில் ஒழுங்காகச் சாப்பிட்டால் மாறும்.

எல்லோருக்கும் எல்லாம் ஒத்துக்கொள்ளாது என்பதையும் மறக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு இருந்து, பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அவரிடம் கேட்காமல் இதைத் தொடாதீர்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று அதிகமாகச் சாப்பிடத் தொடங்கக் கூடாது. இதில் இருக்கிற வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கலாம். ரப்பர் கையுறை போட்டால் தடித்துப்போகும் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு இந்தப் பழமும் ஒத்துக்கொள்ளாது. வீட்டில் ஆடோ கிளியோ வளர்த்தால் இதன் இலையும் தோலும் அவற்றுக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு அது நஞ்சு.

இன்னொன்று. இந்தப் பழத்துக்கு இன்று விலை அதிகம். வாங்க முடியவில்லையே என்று எந்தத் தாயும் கலங்க வேண்டாம். வேர்க்கடலையில் இருக்கும் கொழுப்பில் ஏறக்குறைய பாதி இதே நல்ல வகைதான்; ஃபோலேட் இதைவிடக் கூடுதல். கொய்யாப்பழத்தின் நார்ச்சத்து இதற்கு அருகிலேயே நிற்கும். மாலையில் எண்ணெய்ப் பலகாரப் பொட்டலத்துக்குப் பதிலாக ஒரு கைப்பிடி அவித்த கடலையும் ஒரு கொய்யாவும் குழந்தை கையில் இருந்தால், அந்த வீட்டில் சத்து குறைந்துவிடாது. சத்துக்கு விலைச்சீட்டு தெரியாது.

சாப்பாட்டில் மட்டுமல்ல, உங்கள் நாளிலும் இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சி நல்லது, தூக்கத்தைக் களவாடி அதைச் செய்தால் நல்லதில்லை. கூடுதல் வருமானம் நல்லது. அப்பா அம்மாவோடு பேசும் நேரத்தை அது தின்றுவிடக் கூடாது. புதிதாக ஒரு நல்லதைத் தொடங்கும் நாளில், பழையதில் எதை விடப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். முதலில் அந்த ஜூஸில் சர்க்கரை வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லுங்கள். அது நாளைக்கே செய்யக்கூடிய காரியம்.