மலைநாட்டு அடுப்பும் புகைக்கேற்ற விறகும்



கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு ஏறும் பஸ்ஸில் சன்னலோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கினிகத்தேனை தாண்டியதும் காற்று குளிரத் தொடங்கும். இலங்கையிலேயே அதிக மழை பெறும் ஊர்களில் ஒன்றான வட்டவளையைக் கடக்கும்போது குடை விரிக்காதவர் குறைவு. இருபுறமும் தேயிலை. அந்தத் தேயிலைக்கு நடுவே ஒல்லியாக, நெடுநெடுவென்று உயர்ந்த மரங்கள். காற்றடித்து இலை திரும்பினால் அடிப்புறம் வெள்ளித் தகடு போல மின்னும்.

இது என்ன மரம் என்று கேட்டால் படித்தவர்கள் 'சில்வர் ஓக்' என்பார்கள். தோட்டத்து மக்களோ 'சவுக்கு' என்பார்கள். நம் கடற்கரைகளில் ஊசி இலையோடு நிற்கும் சவுக்கு வேறு, இது வேறு. ஒரே மரத்துக்கு இரண்டு பெயர். இரண்டும் மற்ற மரங்களிடமிருந்து இரவல் வாங்கியவை!

பெயரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் கரியடுப்பு வைத்து இறைச்சியைப் புகையில் வாட்டிச் சமைக்கும் பழக்கம் இன்று நம் குடும்பங்களிலும் பரவி வருகிறது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகள் 'பார்பிகியூ' இல்லாமல் ஒரு வெள்ளிக்கிழமை இரவைக் கழிக்க மாட்டார்கள் போலிருக்கிறது. சமையல் குறிப்புகளில் 'ஓக் மரப் புகை சிறந்தது' என்று வாசித்துவிட்டு, மலைநாட்டுக்குச் சுற்றுலா போகும்போது 'சில்வர் ஓக்' கட்டையை ஏற்றி வந்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், சகோதரிகளே.

உண்மையான ஓக் மரத்தை அரபியில் 'பல்லூத்' என்போம். ஜோர்தானின் அஜ்லூன் மலைக்காடுகளில் அது இருக்கிறது. இமயமலைச் சரிவுகளில் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தார் மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் புகையில் வேகவைப்பது அதன் இன்னொரு வகையில். இலங்கைக் காடுகளில் அது இயற்கையாக வளர்வதில்லை. தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நிழலுக்காகவும் காற்றுத் தடுப்புக்காகவும் கொண்டுவரப்பட்டது. அறுத்த பலகையில் ஓக் பலகையைப் போன்ற ரேகைகள் தெரிவதால் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் அது. குடும்பமே வேறு, மக்கடேமியா கொட்டை காய்க்கும் மரத்துக்குத்தான் அது உறவு. இதன் இலையும் மரத்தூளும் சிலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும். பானைக்கு அடியில் எரிக்க அது நல்ல விறகுதான். மலையகத்தில் எத்தனையோ வீடுகளில் சோறு வேகுவது அதில்தான். ஆனால் அதன் புகை நேராக இறைச்சியில் படுவதை நான் விரும்பமாட்டேன்.

அப்படியானால் மலைநாட்டார் இறைச்சியை எதில் வாட்டுகிறார்கள்?

நம் ஊரில் உப்புக்கண்டம் போடுவதற்கு வெயில் போதும். அரபு நாட்டில் 'கதீத்' என்னும் வற்றல் இறைச்சியும் வெயிலில் காய்ந்ததே. குர்பானி இறைச்சியை மூன்று நாட்களுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் ஓராண்டு தடுத்திருந்ததும், அவ்வாண்டு மக்களுக்கிருந்த கஷ்டத்தை எண்ணியே அப்படிச் சொன்னதாக விளக்கி, பிறகு உண்ணவும் கொடுக்கவும் சேமிக்கவும் அனுமதித்ததும் உங்களுக்குத் தெரிந்த செய்தி. ஆனால் ஹட்டனில் சேமிப்பது எப்படி? மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஹஜ்ஜுப் பெருநாளோ 2022-இல் ஜூலையில் வந்தது, 2025-இல் ஜூனில் வந்தது. துணியே காயாத நாளில் இறைச்சி எங்கே காயும்? 2022-இல் நாட்டில் காஸ் தட்டுப்பாடு. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு. குளிர்சாதனப் பெட்டியை நம்பியவர்களும் அன்று அடுப்படிக்குத் திரும்பினார்கள்.

மழைநாட்டாருக்கு அடுப்பே வெயில். சிங்களக் கிராமங்களின் பழைய சமையலறைகளில் அடுப்புக்கு மேலே மூங்கிலால் ஒரு பரண் கட்டியிருப்பார்கள். 'தும் மெஸ்ஸ' என்பது அதன் பெயர். புகைப்பரண் என்று பொருள் கொள்ளலாம். உப்பும் மிளகும் தடவிய இறைச்சித் துண்டுகள், கொறுக்காய்ப்புளி, விதை தானியம் எல்லாம் அங்கே ஏறும். தினமும் மூன்று வேளை எரியும் அடுப்பின் புகை மெல்ல மெல்லப் பட்டுக் காயும்.

தோட்டங்களில் நம் கண்ணில் முதலில் படும் விறகு 'கவ்வாத்து மிலார்'. தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டிவிடுவதைக் கவ்வாத்து என்பார்கள். வெட்டிய கிளைகளைக் கட்டாகக் கட்டி, கொழுந்துக் கூடை இறக்கிய தலையிலேயே பெண்கள் சுமந்துகொண்டு லயத்துக்குப் போவதைப் பார்க்கலாம். தேயிலைக் கட்டை இறுகியது, நின்று எரியும். புகைக்கும் ஏற்றதே, ஆனால் உயரமான தோட்டங்களில் கொப்புள நோய்க்குச் செம்பு கலந்த மருந்து தெளிப்பார்கள். எனவே இலையையும் மெல்லிய குச்சியையும் தள்ளிவிட்டு, தடித்த தண்டைப் பட்டை சீவி, காயவைத்துப் பயன்படுத்துங்கள். மறுநடுகைக்காகப் பிடுங்கிய பழந்தேயிலையின் அடிக்கட்டை கிடைத்தால் அதுவே மேல்.

அதைவிட நல்லது பழமரங்கள். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் பேயர்ஸ் மரம் உண்டு. கழித்துவிட்ட கிளையைக் கேட்டால் கொடுப்பார்கள். அதன் புகை மென்மையானது, கோழிக்கும் மீனுக்கும் பொருந்தும். கீழே நாவலப்பிட்டிப் பக்கம் இறங்கினால் கொய்யாவும் மாவும் கோப்பியும். ஆட்டிறைச்சிக்கு எனக்குக் கொய்யாதான் முதலிடம். பலாக்கட்டையும் நல்லதே, ஆனால் இலங்கையில் பலா மரத்தை அனுமதியின்றி வெட்டுவது 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தளபாடக் கடையில் மிஞ்சிய துண்டு வாங்குவதானால் மெருகு எண்ணெய் படாததாகப் பாருங்கள்.

பைன், சைப்ரஸ், யூக்கலிப்டஸ் மூன்றையும் இறைச்சிப் பக்கமே கொண்டுவராதீர்கள். பிசினும் எண்ணெயும் உள்ள மரங்கள். கரும்புகை கக்கி, இறைச்சியைக் கசக்க வைக்கும். (சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில் தேயிலையையே பைன் புகையில் உலர்த்தி விற்கிறார்கள். இலங்கைத் தொழிற்சாலையிலோ விறகுச் சூட்டில் காற்றை மட்டும் காய்ச்சி அனுப்புவார்கள். தேயிலையில் புகை மணம் வந்தால் அது குற்றம். ஊருக்கு ஊர் நாக்கு வேறு!) சாயம் பூசிய பலகை, ஒட்டுப்பலகை, எண்ணெய் ஏற்றிய பழைய ரயில் சிலிப்பர் கட்டை, தந்திக் கம்பம் ஆகியவற்றின் புகை நஞ்சு. அலரிக் குச்சியை இறைச்சி கோக்கும் கம்பியாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரிய கடைகளில் பொட்டலத்தில் வரும் வெளிநாட்டு ஓக் சீவல்களில் ஒரு வகை, விஸ்கியும் வைனும் ஊறிய பழைய பீப்பாய்களை உடைத்துச் செய்தது. அதையே சிறப்பென்று உறையிலும் அச்சிட்டிருப்பார்கள். வாங்குமுன் வாசியுங்கள். நஜீஸான பொருளின் புகையும் நஜீஸ், சொற்பமானால் மன்னிக்கப்படும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபிகள் எரிந்து தன்மை மாறிவிட்டதென்று இலேசாகக் கொள்வார்கள். கொய்யாக் கட்டை சும்மா கிடைக்கும்போது இந்தச் சர்ச்சை நமக்கு எதற்கு?

விறகை எங்கே எடுப்பது என்பதும் சின்ன விஷயமல்ல. தோட்டத்து மரம் தோட்டத்துக்குச் சொந்தம்; கேட்டு வாங்குங்கள். சரிவில் நிற்கும் மரத்தைத் தொடவே வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் மலைநாடு மண்சரிவால் பட்ட பாட்டை எல்லோரும் அறிவோம். மண்ணைப் பிடித்திருக்கும் வேர் ஒவ்வொன்றும் கீழேயுள்ள லயத்துக்குக் காவல். ஹோர்ட்டன் சமவெளி போன்ற காப்பகங்களில் சுள்ளி பொறுக்குவதும் கூடாது.

சூரா யாஸீனின் கடைசிப் பகுதியில் பச்சை மரத்திலிருந்து நெருப்பு என வருமிடத்தில், மர்க், அஃபார் என்னும் இரண்டு பாலைவன மரங்களை விரிவுரையாளர்கள் காட்டுவார்கள். பச்சையாகவே உரசித் தீ எடுக்க முடிந்த அபூர்வ மரங்கள் அவை. நம் விறகு அப்படியல்ல. புதிதாய் வெட்டிய கட்டையில் பாதி எடை தண்ணீராகவே இருக்கும். ஈர விறகு தருவது வெள்ளைப் புகையும் கசப்பும் கண்ணெரிச்சலும்தான். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட மாதங்களில் பிளந்து, தரையில் படாமல் கூரைக்குக் கீழே அடுக்கினால் அடுத்த பெருநாளுக்கு உதவும். காய்ந்ததா என்று அறிய இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். ஈரமானால் 'தொப்'பென்னும், காய்ந்ததென்றால் 'டங்'கென்று கேட்கும். நுனியில் வெடிப்பு விட்டிருக்கும், பட்டை தானே கழலும். பூஞ்சை பிடித்ததை ஒதுக்கிவிடுங்கள். தெரியாத மரமானால் ஒரு சிராயைக் கொளுத்தி மோந்து பாருங்கள். மூக்குக்குப் பிடிக்காதது நாக்குக்கும் பிடிக்காது.

எல்லாவற்றையும் விறகிலேயே எரிக்க வேண்டியதில்லை. சூட்டுக்குச் சிரட்டைக் கரி, மணத்துக்குக் கையளவு கொய்யாக் கட்டை இரண்டோ மூன்றோ போதும். புகை மெல்லியதாக, நீலம் பாய்ந்ததாக வர வேண்டும். இறைச்சியின் உட்பகுதி 75 பாகை செல்சியஸ் சூடாகும்வரை வேகட்டும். கொழுப்பு தணலில் சொட்டாதபடி தள்ளி வையுங்கள். பரணில் வாட்டியதை மீண்டும் நன்றாகச் சமைத்தே உண்ணுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது மிக முக்கியம். புகையிட்டுப் பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2015-இல் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே பெருநாளுக்கும் விருந்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அன்றாடப் பழக்கம் வேண்டாம். அடுப்பூதுபவரின் மார்புக்குள் போகும் புகையும் அதே புகைதான். சமையலறையில் புகைபோக்கி இல்லையென்றால் முற்றத்தில் வாட்டுங்கள்.

நுவரெலியாவில் விடுதி எடுத்துத் தங்குவீர்களானால் ஒரு வார்த்தை. ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் அங்கே உறைபனி கூட விழும். சமையல் முடிந்த கரியடுப்பைக் குளிர்காய அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்திவிடாதீர்கள். சாம்பல் பூத்த தணலும் கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை, உறங்குகிறவரை எழுப்பாது. தணலின்மேல் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, அடுப்பை வெளியிலேயே விட்டுவிட்டுக் குழந்தைகளுக்கு இன்னொரு கம்பளி போர்த்துங்கள்.