தேதி தெரியாத காத்திருப்பு

பாம்பன் கரையில் பிறந்த எங்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. காற்று தணியக் காத்திருப்போம். துறைமுகத்தில் புயல் கூண்டு இறங்கக் காத்திருப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வருமானமற்ற நாட்கள்தாம், எனினும் முடியும் நாள் தெரிந்திருப்பதால் மனம் தாங்கிக்கொள்ளும்.

2023இல் அம்மாவுக்கு மார்பில் கட்டி தென்பட்டது. கடற்பாசி எடுக்க மூழ்கிய உடம்பு. உடன்பிறந்தோர் மூவரிடமும் அதைச் சொல்லவே அம்மா சில வாரங்கள் தயங்கினார். அந்த முதல் தாமதம் எங்கள் வீட்டினுடையது. அதை எவர்மீதும் சுமத்த மாட்டோம். பின்னர் நேர்ந்தவை வேறு. பயாப்ஸிக்கு ஒரு நாள், முடிவு வாங்க மற்றொரு நாள், ஸ்கேனுக்கு வேறோர் ஊர். அப்பால் மயக்க மருத்துவரின் ஒப்புதல், காப்பீட்டு அனுமதி, இரத்தம் கொடுப்போர். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் நின்ற ரயில், 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பின்னரே மீண்டும் ஓடியது. ஆகவே ஒவ்வொரு முறையும் பேருந்துதான். மருத்துவர்கள் ஓயாது உழைத்ததைக் கண்டோம். ஆயினும் கிடைத்த விடை, "அடுத்த வாரம் வந்து பாருங்கள்" என்பதே. திரும்பும் வழியில் அம்மா கேட்பதும் ஒன்றே: "தேதி சொன்னாங்களாப்பா?"

பிற்பாடு சீட்டுகளை அடுக்கிக் கணக்கிட்டோம். முதல் சீட்டுக்கும் அறுவைக்கும் இடையே 97 நாட்கள். அவற்றுள் பரிசோதனை நடந்தவை ஒன்பதே. எஞ்சியவை ஒரு மேசைக்கும் மறுமேசைக்கும் நடுவே கரைந்தவை.

புற்றுநோய் அறுவை நான்கு வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் 6 முதல் 8 விழுக்காடு கூடுகிறது என்று, 2020இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. இங்கிலாந்தில், புற்றுநோய் என்ற ஐயத்தில் அவசரமாக அனுப்பப்பட்ட நோயாளிக்கு 62 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டுமென்பது இலக்கு. அங்கும் அது பலமுறை தவறுகிறது. ஆனால் எண்ணுகிறார்கள், தவறியது எவ்வளவு என்பதேனும் தெரிகிறது.

அறுவை அரங்குகளும் மருத்துவர்களும் பெருக வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். அதுவரை செய்யத்தக்கவை உண்டு. இராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டது. இயன்ற பரிசோதனைகளை அங்கேயே ஓரிரு வருகையில் முடித்து, அறிக்கைகளுடன் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்திருந்து, தொலைபேசியில் தேதி சொல்ல ஒருவரை நியமிக்கலாம். கட்டியைக் காட்டிய நாளிலிருந்தே நாட்களை எண்ணலாம்.

எங்கள் கரையில் விசைப்படகு கடலேற மீன்வளத்துறை டோக்கன் வேண்டும். எது போயிற்று, எது திரும்பவில்லை என்பது மறுநாளே ஊருக்குத் தெரிந்துவிடும்.

அம்மா இருக்கிறார், மருந்தும் மறுபரிசோதனையுமாக நாட்கள் நகர்கின்றன. அதே நடைபாதையில் எங்களுடன் அமர்ந்திருந்து, அம்மாவுக்குத் தம் இட்லியில் பாதியைப் பிட்டுக் கொடுத்த தொண்டிப் பெண்மணி ஒருவர், ஐந்தாம் வாரம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அங்கு எவரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.