நாணலுக்குள் ஓர் ஊர்

நாணல் காட்டுக்கு நடுவே ஆங்காங்கே மண்மேடுகள் தெரிகின்றன. அவை ஒரு காலத்தில் வீட்டு மனைகள். வெள்ளத்துக்குப் பழகிய குடியானவர்கள் மனையில் ஒரு பக்கம் மண்ணைக் கொட்டி உயர்த்தி, அதன்மேல் களஞ்சியம் கட்டினார்கள். ஆறு பொங்கினால் நெல்லோடு குடும்பமும் மேலே ஏறிக்கொள்ளும். அந்த மேட்டுக்கு 'மிசுகா' என்று பெயர். நம் வாய்க்கு 'நீர்மேடு' என்று சொல்லலாம். ஜப்பானின் டொச்சிகி மாகாணத்தில் யானகா என்றோர் ஊர் இருந்ததற்கு இந்த மேடுகள்தான் சாட்சி.

வதராசே ஆற்று வெள்ளத்தை யானகா பகையாக நினைத்ததில்லை. மலைக்காட்டின் இலைமக்கும் வண்டலும் வந்து வயலில் படியும். அடுத்த விளைச்சலுக்கு எருவே தேவைப்படாது. அந்தக் கணக்கைக் குலைத்தது மேலே மலையில் இருந்த ஆஷியோ செம்புச் சுரங்கம். 1877இல் ஃபுருகாவா இச்சிபேய் அதை வாங்கியபின் சுரங்கம் செழித்தது, மலை மொட்டையானது. மரங்களில் பாதி கோடரிக்குப் போக, மீதியை உருக்காலையின் கந்தகப் புகை கருக்கியது. தடுக்க ஆளில்லாத மழைநீர் செம்புக் கழிவைச் சுமந்துகொண்டு இறங்கியது. மீன்கள் செத்தன. 1890 வெள்ளம் வடிந்தபோது வயலில் தங்கியது விஷம்.

மறு ஆண்டே நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தனாகா ஷோசோ எழுந்து இதைப் பற்றிக் கேள்வி கேட்டார். அதன்பின் பத்து ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார். 1901இல் பதவியைத் துறந்து, டிசம்பர் மாதம் பேரரசர் மெய்ஜியின் வண்டியை நோக்கி மனுவோடு ஓடினார். காவலர்கள் மறித்துப் பிடித்தார்கள்.

அரசு சுரங்கத்தை மூடவில்லை. வெள்ளத்தைத் தேக்கி வைக்க ஒரு தாழ்நிலம் வேண்டும் என்று முடிவெடுத்து, யானகாவைக் கை காட்டியது. 1902இல் உடைந்த கரையை மாகாண நிர்வாகம் அடைத்துக் கொடுக்கவில்லை. ஊரார் கூடிப் போட்ட கரையையும் இடித்தது. 1906 ஏப்ரலில், பக்கத்து ஊரான ஃபுஜியோகாவோடு சேர மாட்டோம் என்று யானகாவின் ஊர்மன்றம் தீர்மானம் போட்டது. ஜூலை 1 அன்று சேர்த்துவிட்டார்கள்.

இந்த 'இணைப்பு' என்ற சொல்லைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. இரண்டு ஊர்கள் கைகோத்தால் அது இணைப்பு. இங்கே ஃபுஜியோகாவோடு சேர்ந்தது நிலப் பதிவேடு மட்டும்தான். மனிதர்கள் சிதறினார்கள். சிலர் வடகோடியில் ஹொக்கைடோவின் சரோமா வரை போனார்கள். அவர்கள் குடியேறிய இடத்துக்கு இன்றும் டொச்சிகி என்றே பெயர்.

போக மறுத்தவை 16 குடும்பங்கள். 1907 ஜூன் 29இல் தொடங்கி ஜூலை 5 வரை, ஒவ்வொரு வீடாகப் பிரித்துப் போட்டார்கள். அப்போதும் அவர்கள் நகரவில்லை. கிடைத்ததை வைத்துக் குடிசை போட்டுக்கொண்டு அதே மண்ணில் இருந்தார்கள். 60 வயதைத் தாண்டிய தனாகா, 1904லேயே இந்த ஊருக்குக் குடிவந்திருந்தார். கடைசிவரை அவர்கள் பக்கம் நின்றார். 1913இல் அவர் இறந்தபோது கையோடு இருந்தது ஒரு துணிப்பை. அதற்குள் புதிய ஏற்பாடு, நாட்டின் அரசியல் சட்டம், நாட்குறிப்புகள், கூடவே சில கூழாங்கற்கள். எத்தனையோ வாதங்களை எழுதியவர் அவர். எனக்கு மறக்காமல் நிற்பவை அந்தக் கற்கள்தான்.

ஃபுஜியோகாவும் 2010இல் டொச்சிகி நகரத்துக்குள் போய்விட்டது. ஊர் இருந்த இடம், நான்கு மாகாணங்களில் பரந்து கிடக்கும் 33 சதுர கிலோமீட்டர் சதுப்புநிலத்தின் ஒரு பகுதி. 2012இல் அதற்கு, உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கு வழங்கும் ராம்சார் தகுதி கிடைத்தது. மார்ச் மாதம் நாணலுக்குத் தீ வைப்பார்கள். சில வாரங்களில் கரிக்குள்ளிருந்து பச்சை முளைக்கும்.

1970களில் அங்கே நீர்த்தேக்கம் வெட்ட வந்தபோது, பழைய யானகாவின் வழிவந்தவர்கள் எங்கள் முன்னோர் கல்லறையில் கை வைக்காதீர்கள் என்று எதிர்த்து நின்றார்கள். திட்டத்தின் கோடு மாறியது. இன்று வானிலிருந்து பார்த்தால் யானகா ஏரி இதய வடிவில் தெரியும். படமெடுக்க வருவோர் ஏராளம். அந்த இதயத்தின் பிளவில் தண்ணீர் ஒதுங்கிப் போகிறது. அங்கேதான் என்மெய்-இன் கோயிலின் கல்லறைக் கற்களும், இடிதேவனான ரைடெனின் கோயில் மனையும், சேர மாட்டோம் என்று தீர்மானம் போட்ட ஊரின் அலுவலகம் இருந்த மேடும் இருக்கின்றன.