மணல், வரப்பு, தார் ரோடு... தவளக்குப்பத்துக்கு எந்த வண்டி?

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரைச் சாலை, மணக்குள விநாயகர், அரவிந்தர் ஆசிரமம், ஆரோவில் என்று பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். கடலூர் பஸ்ஸில் ஏறி அரியாங்குப்பம் தாண்டி, நோணாங்குப்பம் படகுத் துறையையும் சுண்ணாம்பாற்றுப் பாலத்தையும் தாண்டினால் வருகிற தவளக்குப்பத்தில் இறங்குகிறவர்கள் குறைவு. பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒரு நாற்சந்தி, கடைகள், ஓயாத லாரிச் சத்தம், அவ்வளவுதான் தெரியும். ஆனால் அந்த நாற்சந்தியிலிருந்து கிழக்கே திரும்பினால் கடல், மேற்கே திரும்பினால் வயல், தெற்கே போனால் பாகூர் ஏரி! மூன்றும் ஒரே நாளில் பார்த்துவிடக் கூடிய தூரம்.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் இது. தங்கை கணவருக்கு வெளிநாட்டில் வேலை. வீட்டில் அவளும், அவள் மாமியாரும், ப்ளஸ் டூ படிக்கிற பையனும், இரண்டு கறவை மாடுகளும். விடிவதற்குள் பாலைக் கொண்டுபோய் சொசைட்டியில் ஊற்ற வேண்டும். பிறகு புல், தவிடு, வைக்கோல், மாமியாருக்கு மாத்திரை, கேஸ் சிலிண்டர்... எல்லாவற்றுக்கும் யாரையாவது எதிர்பார்த்து நிற்கும் பிழைப்பு. "எதிர் வீட்டுத் தம்பிகிட்ட கேட்டுக் கேட்டு எனக்கே கூச்சமா இருக்கு அக்கா" என்று போனில் அடிக்கடி சொல்வாள். இந்தத் தை மாதம் சீட்டுப் பணம் கைக்கு வந்தது. ஒரு வண்டி வாங்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும். எதை வாங்குவது? "நீ வந்து ரெண்டு நாள் இருந்து பார்த்துச் சொல்லு" என்றாள். எனக்கும் ஊர் சுற்ற ஒரு சாக்கு!

மூன்று வண்டிகள், மூன்று யோசனைகள்

பக்கத்து வீட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல்., தங்கையின் தோழியுடைய ஸ்கூட்டர், உறவுக்காரப் பெண்ணின் மின்சார ஸ்கூட்டர் ஆகிய மூன்றும் இரவலாகக் கிடைத்தன. தங்கையிடம் கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ் உண்டு. மூன்றுக்கும் அது போதும்.

பையன் மட்டும் நான்காவதாக ஒன்றைச் செல்போனில் காட்டினான். "பெரியம்மா, இதைப் பாருங்க! ஏ.டி.வி.! மணல், சேறு, மேடு எல்லாத்துலயும் போகும்." பெரிய பெரிய டயர்களோடு நான்கு சக்கர வண்டி. அயல்நாடுகளில் பண்ணை வைத்திருப்பவர்களும் காட்டுப் பாதையில் சுற்றுகிறவர்களும் வைத்துக் கொள்வதாம். இதில் நடுத்தர அளவு வண்டியே சுமார் 300 கிலோ எடை, ஏறக்குறைய நாலடி அகலம். "நம்ம வரப்பு ஒன்றரை அடிதாண்டா இருக்கு. மீதி ரெண்டரை அடிக்கு எங்கே போறது?" என்று தங்கை கேட்டதும் பையன் சிரித்துவிட்டான்.

இந்த வண்டிகளின் கதையில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 1970-இல் ஹோண்டா நிறுவனம் இதைப் போன்ற வண்டியை மூன்று சக்கரத்தோடு கொண்டு வந்தது. மூன்று சக்கர வண்டிகள் திரும்பும்போது குடை சாய்ந்து பலருக்குக் காயம், உயிர்ச் சேதம் என்று ஆனதால், 1988-இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையே நின்று போனது. கரடுமுரடான பாதைக்கென்று செய்த வண்டியாக இருந்தாலும், ஓட்டுகிறவருக்கு அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது மொபெட்தான். 1972-இல் லூனா வந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பின்னால் ஒருவரை உட்கார வைத்துக் கொண்டு போகலாம் என்பதே அப்போது புதுமை. அதன் வழியில் வந்ததுதான் இன்றைய எக்ஸ்.எல். 100. கீரைக்காரம்மா முதல் மீன் கூடைக்காரர் வரை நம்பி ஓட்டுகிற வண்டி.

கிழக்கே... நல்லவாடு

முதல் நாள் காலை கடல் பக்கம். நாற்சந்தியிலிருந்து நல்லவாடு இரண்டு, மூன்று கிலோமீட்டர்தான். தார் ரோட்டில் ஸ்கூட்டர் வெண்ணெய் போல வழுக்கிக் கொண்டு போனது. பின்னால் உட்கார்ந்த எனக்கு அலுங்கல் குலுங்கல் இல்லை. அப்பாடா, இதுதான் வண்டி என்று நினைத்தேன். தென்னந்தோப்பு ஓரம் மண் பாதையில் இறங்கியதும் கதை மாறியது. மணலில் முன் சக்கரம் இப்படியும் அப்படியும் நெளிந்தது. ஸ்கூட்டருக்குச் சக்கரம் சிறியது. பத்து, பன்னிரண்டு அங்குலம். எக்ஸ்.எல்.லுக்குப் பதினாறு அங்குலம். சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது, பெரிய சக்கரம் அதன் மேல் ஏறிப் போய்விடுகிறது. வீட்டுக்குத் திரும்பி எக்ஸ்.எல்.லை எடுத்துக் கொண்டு அதே பாதையில் மறுபடி போனோம். நெளிந்தது உண்மை. ஆனால் தங்கை இரண்டு காலையும் ஊன்றி நிறுத்திக் கொள்ள முடிந்தது.

மணல் ஆழமான இடத்தில் எந்த வண்டியும் வேலைக்கு ஆகாது. இறங்கித் தள்ள வேண்டியதுதான். அப்போதுதான் எடை தெரிகிறது! எக்ஸ்.எல். தொண்ணூறு கிலோவுக்குள். பெட்ரோல் ஸ்கூட்டர் நூற்றைந்து கிலோ அளவில். நாங்கள் கொண்டு போன மின்சார ஸ்கூட்டர் அதைவிடக் கனம். பதினைந்து, இருபது கிலோ வித்தியாசம் பேச்சுக்குச் சின்னது. மணலில் தள்ளும்போது இடுப்பு சொல்லும்!

நல்லவாடு சின்ன மீனவ கிராமம். கரையில் படகுகள், வலை பிரிக்கிறவர்கள், கருவாட்டு வாசனை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது, சிங்கப்பூரில் வேலை பார்த்த இவ்வூர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தாராம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே நடத்தி வந்த கிராம அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் அறிவித்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் கரையை விட்டு வெளியேறி உயிர் பிழைத்தார்கள். அந்தக் கரையில் நின்றபோது உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. கடலோரத்தில் இருக்கிற பெண்ணுக்குக் கரையிலிருந்து பெரிய ரோட்டுக்கு வருகிற குறுக்கு வழியும், அந்த வழியில் போகிற வண்டியும் தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

மேற்கே... சிங்கிரிகுடி

மாலையில் அபிஷேகப்பாக்கம் வழியாகச் சிங்கிரிகுடி. பதினாறு கைகளோடு உக்கிர நரசிம்மர் எழுந்தருளியிருக்கிற கோயில். வேடிக்கை என்னவென்றால், தவளக்குப்பம் புதுச்சேரி யூனியன் பிரதேசம், இந்தக் கோயில் தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டம்! 1954-இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் அவர்கள் காலத்து எல்லைகள் அப்படியே நின்றுவிட்டன. ஒரு வயல் இந்தப் பக்கம், அடுத்த வயல் அந்தப் பக்கம்.

இந்தப் பாதைக்கு மின்சார ஸ்கூட்டரை எடுத்துப் போனோம். சத்தமே இல்லை, புகையும் இல்லை. வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக் கொள்ளலாம். ஊருக்குள்ளும் தார் ரோட்டிலும் அருமையான வண்டி. தங்கைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் வழியில் ஒரு களத்து மேட்டில் வைக்கோல் கட்டு ஒன்றை ஏற்றிப் பார்த்தோம். பின் சீட்டில் நிற்கவே இல்லை. எக்ஸ்.எல்.லில் பின் சீட்டைக் கழற்றிவிட்டால் தட்டையாக இடம் கிடைக்கும். முன்னாலும் கால் வைக்கிற இடத்தில் பால் கேன் உட்காரும். நிறைந்த கேஸ் சிலிண்டர் முப்பது கிலோ இருக்கும், அதையும் பின்னால் கட்டிக் கொண்டு வரலாம்.

தெற்கே... பாகூர் ஏரி

மறுநாள் விடியற்காலை கிருமாம்பாக்கம் போய், மேற்கே திரும்பிப் பாகூர். ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் புதுச்சேரிப் பகுதியின் பெரிய ஏரி இங்கேதான். தை மாதம் ஆனதால் தண்ணீர் தளும்பிக் கொண்டிருந்தது. நாரைகள், கொக்குகள், கரையெல்லாம் பனைமரங்கள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே இந்த ஊரில் கல்விச்சாலை இருந்ததைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. சோழர் காலத்து மூலநாதர் கோயிலையும் தரிசித்தோம்.

ஏரிக்கரை ஓரம் ஈரமான களிமண். மணலாவது உதிர்ந்துவிடும், இது அப்பிக் கொள்கிறது! டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்து எக்ஸ்.எல்.லே நின்றுவிட்டது. குச்சியால் சுரண்டிவிட்டுத்தான் கிளம்பினோம். ஸ்கூட்டராக இருந்தால் சக்கரத்தைச் சுற்றி மூடியிருக்கும், குச்சி விடவும் இடம் இருக்காது. மழைக்காலத்தில் இந்த மாதிரி வழியை விட்டுவிட்டுத் தார் ரோட்டில் சுற்றிப் போவதே புத்திசாலித்தனம். நம்ம வண்டி எங்கெங்கே போகாது என்று தெரிந்து வைத்துக் கொண்டால் பாதிக் கஷ்டம் குறையும்.

அத்தையின் தீர்ப்பு

எல்லாம் எக்ஸ்.எல். பக்கமே சாய்ந்தது. ஆனால் தங்கை முகத்தில் தெளிவு வரவில்லை. மாமியாருக்கு முழங்கால் வலி. மாதம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உட்கார்த்தி அழைத்துப் போக வேண்டும். அதற்கு ஸ்கூட்டரின் அகலமான சீட்டுதான் சுகம்.

"என்னால அத்தையைக் கஷ்டப்படுத்த முடியாது அக்கா. ஸ்கூட்டரே வாங்கிடலாம். வைக்கோலுக்கு எப்பவும் போல யாரையாவது கேட்டுக்கறேன்" என்றாள்.

திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார்.

"நான் மாசத்துக்கு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போறவ. மாடு தினம் சாப்பிடுது. எனக்கு ஆட்டோ வெச்சுக்கலாம், மாட்டுக்கு ஆட்டோ வெப்பியா? நீ எவன் வாசல்லயும் போய் நிக்காம இருக்கணும்மா. அந்த வண்டியை வாங்கு."

தங்கை ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் கீரையை ஆய ஆரம்பித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அடுத்த வாரமே பட்டனில் ஸ்டார்ட் ஆகிற எக்ஸ்.எல். வீட்டுக்கு வந்துவிட்டது. உதைத்து ஸ்டார்ட் செய்யும் வேலை இல்லாததால் அவள் முழங்காலுக்கும் நல்லது.

வண்டி வாங்கும் சகோதரிகளுக்கு...

* கடை வாசலில் ஓட்டிப் பார்த்தால் போதாது. நீங்கள் தினமும் போகிற பாதையில் மிக மோசமான நூறு அடி எதுவோ, அங்கே ஓட்டிப் பாருங்கள். இரவல் வண்டியாக இருந்தாலும் பரவாயில்லை.

* சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும். வண்டியைப் பத்தடி தனியாகத் தள்ளிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அது உங்களுக்குக் கனம்.

* சென்டர் ஸ்டாண்டு போடும்போது கையால் தூக்காதீர்கள். ஸ்டாண்டின் மேல் காலை வைத்து உடம்பு எடையை இறக்கினால் வண்டி தானே ஏறும். இடுப்பு பிடிக்காது.

* மணலில் திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. ஒரே சீரான வேகத்தில், ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் போக வேண்டும்.

* கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவுங்கள். உப்புக் காற்று துரு ஏற்றும். செயினில் மணல் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுத்தான் எண்ணெய் விட வேண்டும்.

* சுமை ஏற்றினால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக் கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவுக்குத்தான் என்றாலும் ஹெல்மெட் வேண்டும், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து.

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் ஒரு நாளைத் தவளக்குப்பத்துக்கு ஒதுக்கலாம். கடலூர் பஸ்கள் அடிக்கடி உண்டு. காலையில் நல்லவாடு, வெயில் ஏறும் முன் பாகூர், மாலையில் சிங்கிரிகுடி என்று வைத்துக் கொண்டால் சரியாக இருக்கும். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் போனால் ஏரியில் தண்ணீரும் இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும்.