வெண்மலர் ஐந்நூறு

"அன்னையர் நாள் விழா, தாங்கள் தலைமை ஏற்றிடல் வேண்டும்" என்று மன்றத்துத் தோழர்கள் அழைத்தனர். ஒப்பினேன். தலைமை என்றால் மறுக்கும் பழக்கம் என் போன்ற மேடைப் பேச்சாளரிடம் ஏது! தாய்மையின் தூய்மை, அன்னையின் அருமை, பெற்றவளின் பெருமை என்று அடுக்கடுக்காய்ச் சொற்கள் அணிவகுத்து வந்தன. எழுதத் தொடங்கினேன்.

திண்ணையில் அமர்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார் என் தாயார். அகவை 86. பேச்சுக்குச் சுவை சேர்க்கும் எண்ணத்துடன் கேட்டேன்: "அம்மா, நீ எத்தனை பிள்ளை பெற்றாய்?"

"இருப்பது மூன்று."

"பெற்றது?"

விரல்கள் ஒவ்வொன்றாய் மடங்கின. மூன்றாவதைப் பேதி கொண்டுபோயிற்றாம். அம்மன் அழைத்துக்கொண்டாள் என்றனராம் ஊரார். ஏழு வரை வந்த எண்ணிக்கை அங்கே நின்றது. எட்டாம் விரல் மடங்குவதா, நிமிர்வதா என்று தயங்கிற்று. "பெயர் வைக்குமுன் போனதைக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா?" என்று என்னையே கேட்டார்.

எனக்கு ஓர் உடன்பிறப்பு இருந்தது, அதற்குப் பெயரில்லை என்பதை அறுபது கடந்த பிறகு அறிகிறேன்! ஊர் ஊராய்ச் சென்று பெண்ணுரிமை முழங்கியவன் நான். நள்ளிரவில் நான் வீடு திரும்பும் வரை உண்ணாமல் விழித்திருந்தவரிடம் ஒருநாளேனும் இதைக் கேட்டேனா? இல்லை. ஆடி பிறந்தால் அம்மனுக்கு அண்டா அண்டாவாய்க் கூழ் வார்த்த ஊர் எங்கள் ஊர். அதே ஆடியில், நிறைசூலியாய், குளத்து நீரை இடுப்பில் சுமந்து கரையேறிய என் அன்னைக்கு, எல்லோரும் உண்டபின் சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததே உணவு. கல்லால் ஆன தாய்க்குக் கூழ், கருவுற்ற தாய்க்குக் காந்தல்!

எழுதியதைக் கிழித்தேன். உலகோர் தம் அன்னையரை எங்ஙனம் போற்றினர் என்று அறிய ஏடுகளைப் புரட்டினேன்.

போற்றாத நாடு அரிது, தோழர்களே! இங்கிலாந்தில் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறன்று, பிறர் மனையில் ஏவல் செய்த சிறுமியர் விடுப்புப் பெற்று, வழியில் பூப்பறித்துக்கொண்டு தாய்வீடு சென்றனர். நல்ல வழக்கம், குறைகூற மாட்டேன். எகிப்தில் 1956 முதல் மார்ச் 21 அன்னையர் நாள்.

மெக்சிகோவின் கதைதான் என்னைத் திடுக்கிட வைத்தது. 1922-ஆம் ஆண்டு, யுகாட்டான் மாநிலத்தில், மகப்பேற்றைக் கட்டுப்படுத்தும் முறை பற்றி மார்கரெட் சாங்கர் எழுதிய சிறு நூல் அச்சாகிப் பரவிற்று. பதறினர் பழமைவாதிகள். எக்செல்சியோர் எனும் நாளேடு, அன்னையைப் போற்ற ஒரு நாள் வேண்டும் என்று அறைகூவிற்று. தலைமைப் பேராயர் வாழ்த்தினார். மே 10 திருநாளாயிற்று. எத்தனை பெறுவதென நீயே முடிவு செய்யலாம் என்றது நூல். நீ தெய்வமம்மா என்று மறுமொழி கூறிற்று மாலை! மாலையும் சிலவேளை தாம்புக்கயிறு.

ஜெர்மனியில் 1923-இல் இந்நாளைத் தொடங்கியோர் பூ வணிகர் சங்கத்தார். பின்னர் வந்த இட்லர் ஆட்சி, 1938-இல் தாய்மார்க்கெனச் சிலுவைப் பதக்கம் வகுத்தது. நான்கு பெற்றால் வெண்கலம், ஆறு பெற்றால் வெள்ளி, எட்டு பெற்றால் பொன். யூதத் தாய்க்குப் பதக்கம் இல்லை. அவள் பெற்ற செல்வங்களை அந்த ஆட்சி என்ன செய்தது என்பதை உலகறியும். எட்டுக்குப் பொன்! எண்ணிக்கைப்படி என் அன்னைக்கும் பொன் உண்டு. மண்ணுக்குள் போன ஐவருக்கு என்ன உலோகம்?

இறுதியாக அமெரிக்கா சென்றேன், ஏட்டின் வழியேதான். அங்கே கண்டேன் ஆன் ஜார்விசை. இன்றைய மேற்கு வர்ஜினியாவில் வாழ்ந்தவர். பத்துக்கும் மேற்பட்ட மக்களைப் பெற்றார். ஆளாகி நின்றோர் நால்வர் மட்டுமே. விதி என்று முடங்கினாரா? 1858-இல் ஊர்தோறும் தாய்மார்களைத் திரட்டிச் சங்கங்கள் அமைத்தார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார். பாலைச் சோதிக்கச் செய்தார். நோயுற்ற தாயின் வீட்டில் வேலைக்கு ஆள் அமர்த்தினார். உள்நாட்டுப் போர் மூண்டபோது இருதரப்புப் படைவீரர்க்கும் அத்தாய்மார் மருத்துவப் பணி புரிந்தனர்.

1905-இல் அவர் மறைந்தார். மகள் ஆனா, 1908 மே 10 அன்று கிராப்டன் ஊரில் நடந்த நினைவு வழிபாட்டுக்கு 500 வெண்மலர்கள் அனுப்பினார். 1914-இல் குடியரசுத் தலைவர் வில்சன் அதனை நாடு போற்றும் நாளாக அறிவித்தார். மலர் மணந்தது, சங்கங்கள் செய்த பணி மறந்தது. பூக்கடைக்காரரும் மிட்டாய்க்காரரும் வாழ்த்து அட்டை அச்சிட்டோரும் கொழித்தனர். கொதித்தெழுந்த ஆனா, தாம் தோற்றுவித்த நாளின் வணிகத்தைத் தாமே எதிர்த்துப் போராடினார். 1948-இல், பிள்ளை இல்லாத மூதாட்டியாக, ஒரு மருத்துவ விடுதியில் கண்மூடினார். அன்னையர் நாளை உலகுக்கு ஈந்த அந்நாட்டிலே, பிள்ளை பெற்ற தொழிலாளிப் பெண் அனைவர்க்கும் ஊதியத்துடன் விடுப்பளிக்கும் நாடு தழுவிய சட்டம் இன்றும் இல்லை. 1993-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரம்; அதுவும் ஊதியமின்றி, அதுவும் எல்லோர்க்கும் அன்று.

விழாவில் ஆன் ஜார்விசைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன். மேடைக்குமுன் அன்னைக்குச் சொல்லிப் பார்த்தேன். கீரையை விட்டுக் கை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சிய நீர் என்ற இடத்தில் கை நின்றது.

"ஏம்ப்பா, நாம் குளத்துத் தண்ணீரைத்தானே குடித்தோம். காய்ச்சிக் கொடுத்திருந்தால் மூன்றாவது பிழைத்திருக்குமோ?"

அறுபது ஆண்டுகளுக்கு மேல் அவரிடம் எவரும் சொல்லாத செய்தி. விடை எனக்குத் தெரியும். ஆய்ந்த கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனேன்.