நில்லா உத்தியோகம்

‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பெண்மக்களும் உத்தியோகம் வகிக்கும் இக்காலத்தில் அதனை மனித லட்சணம் எனத் திருத்திக் கொள்ளல் தகும். ஆயின், அரிதின் முயன்று பெற்ற வங்கி உத்தியோகத்தை ஈராண்டு நிரம்புமுன் துறந்து செல்வோர் பலர் உளர். அதன் காரணங்களை ஆராய்தல், அத்துறைக்குச் செல்லவிருக்கும் மாணவர்க்குப் பயன்படும் எனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

இது வெறும் ஊர்ப்பேச்சன்று. இந்திய ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, தெரிந்தெடுத்த தனியார் வங்கிகளிலும் சிறுநிதி வங்கிகளிலும் வேலையை விட்டுச் செல்வோர் விகிதம் ஏறக்குறைய 25 சதவீதம் எனக் கூறுகின்றது. அஃதாவது, ஓராண்டில் நால்வருக்கு ஒருவர்! இக்கணக்கு எல்லாப் பிரிவினரையும் சேர்த்தது. யாம் இங்கு உரைக்கப் புகுவது, பொதுமக்கள் கண்ணிற் படாத பின்னலுவலகத்தாரைப் பற்றியே.

முற்காலத்துக் கிளை வங்கியில் ஒரு குமாஸ்தா இன்று பேரேடு எழுதுவார். நாளை பணம் பெறுமிடத்தில் அமர்வார். பின்னர்க் கடன் பத்திரம் பார்ப்பார். இவ்வாறு சில ஆண்டுகளில் வங்கித் தொழில் முழுவதும் அவர் கைவசமாகும். கணினி வந்தபின் கிளைகளின் கணக்குகள் ஒன்றாக இணைக்கப்பட்டன. காசோலையின் உருவப்படத்தை மட்டும் அனுப்பித் தீர்வு செய்யும் முறை 2008இல் புதுடில்லியிலும் 2011இல் சென்னையிலும் வந்தது. கிளையில் நிகழ்ந்த வேலைகள் பல பெருநகரத்து மண்டபங்களுக்குப் பெயர்ந்தன. அங்கே ஒருவர் கையொப்பம் மட்டும் ஒப்பிடுவார். மற்றொருவர் முகவரி மட்டும் சரிபார்ப்பார். வேலை விரைந்தது, வேலையாளின் அறிவு வளர இடமில்லாதாயிற்று.

யாம் ஆரணிப் பட்டு நெசவைச் சார்ந்த சந்தவாசலில், தறியொலி கேட்டு வளர்ந்தோம். பட்டம் பெற்றபின் சென்னையில் அத்தகைய மண்டபம் ஒன்றில் மூன்றாண்டு பணி புரிந்தோம். எம்முடன் சேர்ந்தவர் பன்னிருவர். மூன்றாம் ஆண்டின் இறுதியில் எஞ்சியவர் இருவரே. சென்றவர் கூறிய காரணங்கள் பல. கடல்கடந்த வங்கிகளின் வேலையாயின், லண்டனும் நியூயார்க்கும் விழித்திருக்கும் வேளையில் தாமும் விழித்திருத்தல் வேண்டும். வீட்டு வாடகை போக எஞ்சுவது சிறிது. ஒரே நாற்காலியில் இருப்பவருக்குச் சம்பளம் அற்பமாக உயரும். வேறிடம் செல்பவருக்கோ ஒருங்கே உயரும். ஒப்பந்தக்காரர் வழி வந்தவர் வங்கியின் வேலையைச் செய்தும் வங்கியின் ஊழியர் ஆகார்.

இவையனைத்தும் மெய்யே. எனினும், இவற்றின் அடியில் வேறொன்று உளது என்பதை எமக்கு உணர்த்தியது எம் ஊர்த் தறியே. நெசவும் ஒரே செயலைப் பன்முறை செய்வதுதான். ஆயினும் நெய்தவர் சேலையை அறுத்து மடிக்கையில் தம் உழைப்பின் முழு உருவைக் காண்கின்றார். அங்ஙனமாயின் நெசவாளர் மக்கள் தறியை விட்டது ஏன்? முதலாளியிடம் பாவும் சரிகையும் பெற்றுக் கூலிக்கு நெய்பவர், எத்தனை ஆண்டு நெய்யினும் கூலிக்கு நெய்பவராகவே இருந்தார். வேலை சலித்து அவர்கள் நீங்கவில்லை; மேலேறப் படி இல்லாமையால் நீங்கினார்கள். பின்னலுவலகத்திலோ காணத்தக்க சேலையும் இல்லை, ஏறத்தக்க படியும் இல்லை. முன்னதற்கு நிகழ்ந்தது பின்னதற்கு நிகழ்வதில் வியப்பென்ன?

இக்கால இளைஞர் நிலையற்ற சிந்தையர் என்பர் சிலர். நிலைத்து நிற்பதற்குரிய தரையைக் கொடாமல் கால்களைக் குறைகூறுதல் முறையாகாது. நட்டம் இளைஞருக்கு மட்டுமன்று. ஒருவர் சென்றால் அவர் வேலை எஞ்சியவர் தலையிற் சுமத்தப்படுகின்றது. அச்சுமையே அவரையும் வெளியேற்றுகின்றது. பழகியவர் ஒரு நொடியிற் கண்டுபிடிக்கும் பிழையைப் புதியவர் காணமாட்டார். அதனால் எங்கோ ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியம் ஒரு மாதம் தாழ்த்து வரும். மேற்சொன்ன அறிக்கையும் வாடிக்கையாளர் சேவைக்கு இடையூறும் அனுபவ அறிவின் இழப்பும் நேர்வதை எடுத்துக்காட்டி, பயிற்சியும் மூத்தோர் வழிகாட்டலும் வேண்டும் என வற்புறுத்துகின்றது.

ஆதலின், மாணவ நண்பர்களே, வேலைக்கு நேர்காணல் நடக்கும்போது சம்பளத்தைக் கேட்பதோடு அமையாது, “ஈராண்டில் யான் எதனைக் கற்பேன்? அதனைக் கற்பிப்பவர் யார்?” என்றும் கேண்மின். நம் கல்லூரியிற் பயின்று இன்று அத்தகைய அலுவலகங்களில் மேலாளராய் விளங்கும் அன்பர்க்கும் எம் விண்ணப்பம் ஒன்று உண்டு. விலகற் கடிதம் வந்தபின் காரணம் வினவுவது காலங்கடந்த செயல். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொருவரையும் வேறொரு மேசைக்கு மாற்றி அமர்த்துங்கள். அவர் சரிபார்த்த தாள் எவருக்கு என்ன நன்மையாய் முடிந்தது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். இதற்குப் பெருஞ்செலவு யாதும் இல்லை.