மலைக்காற்றுக்கேற்ற கூடாரம்

மாத்தளையிற் பிறந்து வளர்ந்தும் நக்கிள்ஸ் மலையில் ஓரிரவேனும் தங்காதார் எம்முட் பலர். பிள்ளைகளையேனும் அழைத்துச் செல்வோமெனக் கருதிக் குடும்பத்தோடு கூடாரம் வாங்கச் சென்றோம். ஆறு பேருக்குரியதெனக் கடையில் விரித்துக் காட்டியதில் ஐவர் நெருங்கிப் படுக்கலாம். பைகளும் பானைசட்டிகளும் பனியிற் கிடத்தல் வேண்டும். வணிகர் கணக்கில் மனிதருக்குத் தோள் உண்டு, மூட்டையில்லை!

நின்றவாறே உடைமாற்றத்தக்க உயர்ந்த கூடாரத்தையே பிள்ளைகள் விரும்பினர். நாம் இசையவில்லை. இறத்தோட்டை கடந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறியோர் அங்குள்ள காற்றை அறிவர். நெடுஞ்சுவர்க் கூடாரம் அக்காற்றுக்குப் பாயாக விரியும், கம்புகள் முறியும். ஆண்டிறுதி விடுமுறையோ பெரும்பாலும் வடகீழ்ப் பருவமழையோடு வருவது. ஆதலின் தாழ்ந்து வளைந்த உருவும், நிலம்வரை இறங்கும் வெளிவிரிப்பும், ஒரு சாணளவு சுவரிலேறிய தரைத்துணியும் வேண்டினோம். ஒற்றைத் துணியாயின் எம் மூச்சே குளிர்ந்து நீராகி உட்புறம் சொட்டும். அட்டை நுழையாதபடி வாயிலில் நுண்வலையும் வேண்டும்.

பெரியதொன்றை விடுத்துச் சிறியன இரண்டை எடுத்தோம். “நள்ளிரவிற் சின்னவன் அழுதால்?” என்றாள் இல்லாள். வாயில்களை எதிரெதிரே இரு முழ இடைவெளியில் அமைப்போமென்றோம். 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாகிய மலையாதலின், வனத் திணைக்களத்தின் அனுமதிக்கும் எழுதியுள்ளோம்.